இரண்டாம் தடவை கேட்பவள்

எங்கள் அலுவலகத்துக்கு நாள்காட்டி மென்பொருள் வந்தபோது நாங்கள் அதில் முதன்முதலாக ஏற்றியது ராகு காலத்தைத்தான். தொண்ணூற்றெட்டாம் வருஷம். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து அதைக் கணினிகளில் ஏற்றிக் கொடுக்க வந்தவர், திரும்பத் திரும்ப வருகிற வேலை ஏதாவது இருந்தால் ஒரே தடவை போட்டுவிட்டால் போதும், வருஷம் முழுக்கத் தானே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்றார். எங்கள் மேனேஜர் தன் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்து, அப்படியானால் முதலில் ராகு காலத்தைப் போடச் சொன்னார். கத்தோலிக்க வீட்டில் பிறந்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் நேரம் பார்த்து வளர்ந்தவள் நான். திங்கள் ஏழரை, செவ்வாய் மூன்று என்று அவர் மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல, கழுத்தில் சிலுவையோடு உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். சென்னைக்காரர் என் சிலுவையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீ குடிக்கப் போனார்.

ராகு காலம் என்று முழுசாக எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. 'ஆர்.கே.' என்று மட்டும் போட்டுவைத்தேன். சில வாரம் கழித்துச் சென்னையிலிருந்து போன். வெள்ளிக்கிழமை பத்தரை மணி ஆனால் காரைக்குடிக் கிளை மொத்தமும் ஒரு ஆர்.கே.யோடு கூட்டத்தில் இருக்கிறதே, யார் அவர், பெரிய வாடிக்கையாளரா என்று கேட்டார்கள். போனை எடுத்தது எங்கள் அக்கவுண்டன்ட் அண்ணன். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், ரொம்பப் பெரிய ஆள், அவரைப் பகைத்துக்கொண்டு நாம் ஒரு மோட்டார்கூட விற்க முடியாது என்று சொல்லி வைத்துவிட்டார். சென்னையில் அதை நம்பினார்களா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கிணற்று மோட்டாரும் பம்பும் விற்கிற கம்பெனி எங்களுடையது. செக்காலை ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியில் கிளை. மேனேஜர், அக்கவுண்டன்ட் அண்ணன், கல்லல் பக்கமும் காளையார்கோவில் பக்கமும் சுற்றி விற்கிற இரண்டு பேர், டைப் அடிக்க நான். இவ்வளவுதான் நாங்கள். சுவரோரமாக நீல ஒயர் இழுத்துக் கணினிகளை ஒன்றோடொன்று கோத்திருந்தார்கள். தினமும் சாயங்காலம் அலுவலகம் முடிகிற நேரத்தில் மோடம் கீச்சிட்டுக்கொண்டே சென்னைக்குப் போன் போட்டு, எங்கள் நாள்காட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவர்களுடையதை வாங்கி வரும். மற்றவர்கள் அந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அது பிடிக்கும். அந்தச் சத்தம் ஓய்ந்ததும் திரையில் சென்னைக்காரர்களின் அடுத்த வாரம் வண்ணப் பட்டைகளாக வந்து விழும். நான் போய்ப் பார்த்திராத ஒரு கட்டிடத்தில் யார் எந்த அறையில் எத்தனை மணிக்கு உட்காரப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அதுவரை எதிலும் நான் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியதில்லை. பள்ளிக்கூடத்தில் நடுப் பெஞ்சு. பி.காம். இரண்டாம் வகுப்பு. ஆனால் இந்த மென்பொருள் எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. ஐந்து பேருடைய நாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்து, எல்லோருக்கும் காலியாக இருக்கிற ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடிக்கிறபோது ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதை அப்போது வெளியே சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

எங்கள் கிளையில் ஒரே ஒரு ஜீப். விற்பனைக்காரர்கள் இரண்டு பேரும் ஒரே காலையில் ஆளுக்கொரு ஊரில் விவசாயிகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, சாவிக்குச் சண்டை போடுவார்கள். மேனேஜர் இரண்டு பேருக்கும் ஆமாம் சொல்லியிருப்பார். யார் கேட்டாலும் ஆமாம் சொல்கிற சுபாவம் அவருக்கு. மென்பொருளில் ஆட்களைத்தான் சேர்க்க முடியும் என்று சென்னைக்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் ஜீப்பையும் ஒரு ஆளாகச் சேர்த்தேன். அதற்கும் ஒரு நாள்காட்டி. ஜீப் வேண்டும் என்றால் அதற்கும் அழைப்பு அனுப்ப வேண்டும்; அது ஏற்கெனவே கல்லலில் இருந்தால் காளையார்கோவிலுக்கு வராது. சண்டை நின்றது. சென்னையில் இதைப் பார்த்துவிட்டு, எல்லாக் கிளைகளும் வண்டிகளை இப்படியே சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜர் என் மேசைக்கு வந்து, அன்றைக்கு வாங்கி வந்த வடையில் ஒன்றை எனக்கு வைத்துவிட்டுப் போனார். பாராட்டு என்றால் அவரிடம் அதுதான்.

தொந்தரவு வேறு இடத்தில் வந்தது. யாராவது ஒரு கூட்டத்துக்கு அழைத்தால் திரையில் மூன்று பொத்தான் வரும். வருகிறேன் என்றால் அக்செப்ட். முடியாது என்றால் டிக்ளைன். இன்னும் முடிவாகவில்லை என்றால் டென்டேட்டிவ். அதை அழுத்தினால் நம் பேருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி விழும். முதல் மாதம் எங்கள் ஆட்கள் எல்லாவற்றுக்கும் அக்செப்ட் அழுத்தினார்கள். மேனேஜர் கூப்பிட்டு வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆனால் கூட்ட நேரத்தில் ஆள் கல்லலில் ஒரு கிணற்றடியில் நிற்பார். அடுத்த மாதம் எல்லோரும் கேள்விக்குறியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அது எங்களுக்கென்றே வைத்த பொத்தான்தான். அதற்குப் பிறகு எந்த அழைப்பைத் திறந்தாலும் வரிசையாகக் கேள்விக்குறிகள். சென்னையிலிருந்து கேட்டதற்கு அக்கவுண்டன்ட் அண்ணன் விளக்கம் சொன்னார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது மரியாதை இல்லை, வரமாட்டேன் என்று சொல்வது அதைவிட மரியாதை இல்லை, ஆகவே இது.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், காபி குடிக்கிறீகளா என்று கேட்டவுடன் சரி என்று சொல்லக் கூடாது. இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்று சொல்ல வேண்டும். அவர்கள் அதைக் காதில் வாங்காமல் மறுபடி கேட்க வேண்டும். அப்போதும் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் டம்ளரைக் கையில் வாங்கலாம். சின்ன வயசில் பக்கத்து வீட்டில் முறுக்கு வேணுமா என்று கேட்டதும் வேணும் என்று கை நீட்டியதற்கு, அம்மா என் தொடையில் கிள்ளியது இன்னும் நினைவிருக்கிறது. "கேட்ட உடனே நீட்டுவியா? எப்படா குடுப்பாகன்னு காத்துக்கிட்டிருந்தவ மாதிரி" என்றாள் வீட்டுக்கு வந்து. காத்துக்கொண்டுதான் இருந்தேன். அதைக் காட்டிக்கொண்டதுதான் குற்றம்.

இந்த ஊர் வழக்கத்துக்கு மென்பொருளில் இடம் இல்லை. அது ஒரு தடவைதான் கேட்கும். ஆகவே மிச்சத்தை நான் செய்தேன். அழைப்பு போனதும் கேள்விக்குறிகள் விழட்டும் என்று விட்டுவிடுவேன். பிறகு எழுந்து ஒவ்வொரு மேசையாகப் போய், என்னண்ணே, வியாழக்கிழமைக்கு வாரீகளா என்று வாயால் கேட்பேன். அப்போது உண்மை வரும். ஒருவர் சரி என்பார். ஒருவர், அன்றைக்கு மாமியார் வீட்டில் விசேஷம் என்பார். என் இடத்துக்கு வந்து அவரவர் கேள்விக்குறியை அக்செப்டாகவோ டிக்ளைனாகவோ மாற்றிவிடுவேன். எல்லோருடைய கடவுச்சொல்லும் என்னிடம்தான். சாயங்காலம் மோடம் கீச்சிடும்போது காரைக்குடிக் கிளையின் பட்டியலில் ஒரு கேள்விக்குறிகூட இருக்காது. மற்ற எல்லாக் கிளைகளையும்விட எங்கள் நாள்காட்டிதான் துல்லியமானது என்று சென்னையில் பேரெடுத்தோம். இரண்டாம் தடவை கேட்பதற்கு இங்கே ஒருத்தி இருக்கிறாள் என்பது அங்கே தெரியாது.

மறு வருஷத் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, என் பேருக்கு மட்டும் ஓர் அழைப்பு வந்தது. சென்னைத் தலைமை அலுவலகத்தில் சந்திப்பு. எல்லாக் கிளைகளின் நாள்காட்டிகளையும் வேலைப் பட்டியல்களையும் ஒரே இடத்திலிருந்து கவனித்துக்கொள்ள ஒருவரைப் போடப் போகிறார்கள். ஒருங்கிணைப்பாளர் என்று பதவி. அதற்கு என்னை நினைத்திருக்கிறார்கள். சம்மதம் என்றால் வந்து பேச வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. நகல், எங்கள் மேனேஜருக்கு.

அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்குத் தெரியாது. டைப் அடிக்க வந்தவளை, அடுக்கி வைக்கத் தெரிந்தவள் என்று கண்டுபிடித்து ஒரு கட்டிடம் கூப்பிடுகிறது. அதுவரை என்னை யாரும் எதற்கும் தேடிவந்து கூப்பிட்டதில்லை. அந்த வேலை எனக்கு வேண்டும் என்று இருந்தது. அவ்வளவு வெளிப்படையாக வேறு எதையும் நான் ஆசைப்பட்டதில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். யோசிப்பார், அம்மாவைப் பார்ப்பார், பங்குச் சாமியாரைக் கேட்போம் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "போயிட்டு வாத்தா. தங்குற எடத்துக்குப் பக்கத்துல மாதா கோயில் இருக்கான்னு மட்டும் விசாரிச்சுக்க" என்றார். அம்மா கொஞ்சம் முணுமுணுத்தாள். அப்பாதான் மறுபடி, அவ போகட்டும் என்றார். அந்த வீட்டில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. அதை நான் அழுத்தித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அலுவலகத்தில் வேறு மாதிரிதான் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் அலுவலகம் வந்து அழைப்பைத் திறந்தேன். மூன்று பொத்தான். அக்செப்ட் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். கண்ணாடி அறைக்குள் மேனேஜர் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுத்துவது அந்த நிமிஷமே அவர் திரையில் தெரியும். அவருக்கு முன்னால், கேட்ட மறுநாளே, வருகிறேன் என்று பாய்வதா? இந்த மேசையை, இந்த மனிதர்களை, வடை வைத்துவிட்டுப் போனவரை, எப்போது விட்டுப்போவோம் என்று காத்துக்கொண்டிருந்தவள் மாதிரி? தொடையில் அந்தக் கிள்ளு சுரீரென்றது. டென்டேட்டிவ் அழுத்தினேன். என் பேருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி விழுந்தது. இனி அவர் எழுந்து வந்து, என்னத்தா யோசனை, போயிட்டு வா என்று ஒரு வார்த்தை சொல்வார். நான் கொஞ்சம் தயங்குவேன். அப்புறம் அக்செப்ட். இதற்கு இரண்டு நாள் ஆகும், அதிகம் போனால் மூன்று நாள் என்று கணக்குப் போட்டேன்.

அவர் திரையிலிருந்து தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் சட்டென்று குனிந்துகொண்டேன். மத்தியானம் என் மேசைப் பக்கம் வந்து நின்றார். வாயைத் திறந்தார். நாளைக்கு ஜீப் எந்தப் பக்கம் என்று கேட்டார். காளையார்கோவில் என்றேன். சரி என்று போய்விட்டார்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கியிருந்தேன். கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு கடையில் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கினேன். நீலக் கலர். எதற்கு என்று அம்மா கேட்டாள். வேளாங்கண்ணிக்குப் போகிறபோது ஆகும் என்றேன். பெட்டி வாங்கத் துணிச்சல் இருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், சார், எனக்குப் போகணும் என்று சொல்லத் துணிச்சல் இல்லை. சொல்லியிருக்கலாம். என் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றால் அந்தக் கதவு கை எட்டுகிற தூரம்தான்.

அடுத்த வாரம் முழுக்க அந்தக் கேள்விக்குறியோடு உட்கார்ந்திருந்தேன். மற்றவர்களுடையதை எல்லாம் வழக்கம்போலப் போய்ப் போய்க் கேட்டு மாற்றினேன். விற்பனைக்காரர் ஒருவர் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்று இழுத்துக்கொண்டிருந்தார், அவரை மூன்று தடவை கேட்டிருப்பேன். என்னைக் கேட்க ஆள் இல்லை. அந்த வேலையைச் செய்கிறவள் நான்தானே. அப்போது இது எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கு அவர் கேட்பார், நாளைக்குக் கேட்பார் என்றுதான் இருந்தேன்.

வியாழக்கிழமைக்கு முந்தின திங்களன்று கணினியைத் திறந்தபோது, என் நாள்காட்டியில் அந்தப் பட்டை இல்லை. சந்திப்பு ரத்து என்று ஒரு வரி. காரணம் இல்லை. வார முடிவில் எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாக ஓர் அழைப்பு வந்தது. புதிய ஒருங்கிணைப்பாளர் போன் வழியாக எல்லோரிடமும் அறிமுகமாகிறார். மதுரைக் கிளையிலிருந்து ஒருவரைப் போட்டிருந்தார்கள். அதற்கும் மூன்று பொத்தான். யாரும் வந்து இரண்டாம் தடவை கேட்கக் காத்திராமல் அக்செப்ட் அழுத்தினேன். பிறகு கீழே துணிக்கடையில் கைக்குட்டை வாங்குகிற சாக்கில் இறங்கிப்போய், மாடிப்படியின் திருப்பத்தில் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

மதுரைக்காரர் மோசமான ஆளாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். தங்கமான மனிதர். வாரத்துக்கு ஒரு தடவையாவது போன் போட்டு, மேடம், வண்டியை எப்படிச் சேர்த்தீங்க, லீவை எப்படிக் காட்டுறீங்க என்று கேட்பார். நான் உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே கேட்கிறாரே என்று பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சொல்லிக்கொடுப்பேன். ஒரு தடவை, வெள்ளிக்கிழமை ஆர்.கே.யை எடுத்துவிடலாமா என்று கேட்டார். அது மேனேஜர் விருப்பம் என்றேன். மேனேஜர் எடுக்கக் கூடாது என்றுவிட்டார்.

மேனேஜரோடு நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். டைப் அடிக்கவும் கேள்விக்குறி மாற்றவும் ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்து வைத்துக்கொண்டார் என்றே முடிவு கட்டியிருந்தேன். அவர் என் மேசையில் வடை வைத்தால் அக்கவுண்டன்ட் அண்ணனிடம் தள்ளிவிடுவேன். மனுஷருக்கு அது புரிந்ததா இல்லையா என்றும் தெரியவில்லை. வடை தவறாமல் வந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் போகாது. அந்த வருஷம் முழுக்க அதை வைத்து வளர்த்தேன்.

வருஷக் கடைசியில், கார்த்திகை மாதம், அவர் மகனுக்குக் கல்யாணம். கண்டரமாணிக்கத்தில் அவர்களுடைய பெரிய வீட்டில். அவரும் அவர் மனைவி ஆச்சியும் எங்கள் வீட்டுக்கே தட்டோடு வந்து அழைத்தார்கள். பார்க்கிறோம் என்றாள் அம்மா. "பாக்குறோம்னெல்லாம் சொல்லப்படாது, நீக வந்துரணும்" என்றார் ஆச்சி. அப்பாவைக் காட்டி, இவருக்கு முட்டி வலி என்றாள் அம்மா. கார் அனுப்புகிறோம் என்றார் ஆச்சி. அதற்குப் பிறகுதான் அம்மா சரி என்றாள். மேனேஜர் அப்பாவிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கல்யாணத்தன்று பந்தியில் மேனேஜர் இலை இலையாகக் குனிந்து உபசரித்துக்கொண்டு வந்தார். எனக்குக் கவுனி அரிசி இனிப்பு இரண்டாம் தடவை வந்தபோது, போதும் என்று இலைக்கு மேல் கையை மறித்தேன். பரிமாறுகிறவர் நகரப் பார்த்தார். மேனேஜர் அவரை நிறுத்தி, "கேட்டா அப்படித்தான் சொல்லும். நீ வைப்பா" என்றார். வைத்தார். எதிர்வரிசையில், சென்னையிலிருந்து வந்திருந்த மதுரைக்காரர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

கை கழுவிவிட்டு வருகிற வழியில் மேனேஜர் நின்றிருந்தார். சாப்பிட்டாயா என்றார். ம் என்றேன். அவர் மதுரைக்காரரைக் காட்டி, பையன் பரவாயில்லை, ஆனால் நீ போயிருந்தால் இன்னும் சுத்தமாக நடந்திருக்கும் என்றார். ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் வாய்க்கு வந்துவிட்டது. கல்யாண வீடு என்றும் பார்க்கவில்லை.

"என்னைய எங்க சார் அனுப்புனீக" என்றேன்.

அவர் நிஜமாகவே திகைத்துப் போனார். நீதானே கேள்விக்குறி போட்டாய் என்றார். நீங்கள் மறுபடி கேட்பீர்கள் என்றுதான் போட்டேன் என்றேன். அவர் மேல்துண்டின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ்ல அத்தனை பேரு கேள்விக்குறியையும் நீதான் போய்க் கேட்டு மாத்துற. சாயந்தரத்துக்குள்ள ஒண்ணு மிச்சம் வைக்க மாட்ட. உன்னோடது மட்டும் ஒரு வாரமா அப்படியே இருந்துச்சு. சரி, வீட்டுல ஒத்துக்கல, அதை வாய்விட்டுச் சொல்லச் சங்கடப்படுறேன்னு நெனச்சேன். மறுபடி கேட்டா உங்கப்பாவைத் தலைகுனிய வைக்கிற மாதிரி ஆயிரும்னு இருந்துட்டேன்த்தா. சென்னையில கேட்டப்பவும் அதைத்தான் சொன்னேன்."

"அப்பா அன்னைக்கே போகச் சொல்லிட்டாக சார்" என்றேன்.

அவர் பந்தலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். "ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார் மேனேஜர். அவர் தன்னைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் பொருந்தும். அதற்குள் மாலை கொண்டு வந்தவர்கள் அவரைத் தேடிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கோபம் அங்கேயே வடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்தது கோபத்தைவிட மோசமானது. யாராவது நமக்குக் கெடுதல் செய்தார்கள் என்றால் திட்டிக்கொண்டாவது இருக்கலாம். இங்கே திட்ட ஆள் இல்லை. அவர் மரியாதைக்காகப் பேசாமல் இருந்தார், நான் மரியாதைக்காகப் பேசாமல் இருந்தேன். நடுவில் இருந்தது ஒரு கண்ணாடி. அதைக்கூட வாரம் தவறாமல் துடைத்து வைத்திருந்தோம்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் சீக்கிரமே போய் உட்கார்ந்தேன். வேறு யாரும் வரவில்லை. அழைப்புகள் வந்து விழுகிற பெட்டியில் பழையவற்றைத் தேடிப் பார்த்தேன். நாள்காட்டியிலிருந்துதான் அந்தப் பட்டை போயிருந்தது; அழைப்பு இங்கே அப்படியே கிடந்தது. என் பேரும் பக்கத்தில் கேள்விக்குறியும். மூன்று பொத்தானும் இன்னும் உயிரோடுதான் இருந்தன. என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை, அக்செப்ட் அழுத்தினேன்.

திரையின் நடுவில் ஒரு சின்னக் கட்டம் எழுந்து வந்தது. இந்தச் சந்திப்பின் நேரம் கடந்துவிட்டது. இருந்தாலும் உங்கள் பதிலை அனுப்பட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. கீழே ஆமாம், இல்லை என்று இரண்டே பொத்தான்.

இதுவும் இரண்டாம் தடவை கேட்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. காலம் கடந்த பிறகுதான் கேட்கும் போலிருக்கிறது. நான் ஆமாம் அழுத்தினேன். சாயங்காலம் மோடம் கீச்சிட்டு, மற்றவற்றோடு அதையும் சென்னைக்குக் கொண்டுபோனது. நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். அந்த நீலப் பெட்டியில் அம்மா ஏற்கெனவே கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளைத் துணி சுற்றி அடுக்கி வைத்திருந்தாள். இன்றைக்கும் அதில்தான் இருக்கின்றன.

மறுநாள் மதுரைக்காரர் போன் செய்தார். எப்போதும்போல நலம் விசாரித்தார். கல்யாணச் சாப்பாட்டைப் புகழ்ந்தார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"மேடம், ஏதோ பழைய மீட்டிங்குக்கு உங்ககிட்டேருந்து அக்செப்ட் வந்திருக்கு. தப்பா அழுத்திட்டீங்களா?"

கண்ணாடி அறைக்குள் மேனேஜர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆமா சார், தப்பா அழுத்திட்டேன்" என்றேன்.

மதுரைக்காரர் மறுபடி கேட்கவில்லை.